சத்தம் போட்டா செல்லு வரிசையில நிக்கும்

ஆம்ப்ளிஃபையர் சுவிட்சத் தட்டுன உடனே வர்ற அந்த அரை செகண்டு இருக்கே, அத பதினோரு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன், இன்னும் சலிக்கல. மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சா ஒரு சின்ன வாய்க்கால் தெரியும், தலைமுடி நாலஞ்ச பக்கத்துல பக்கத்துல வச்சா வர்ற அகலம் அவ்வளவுதான். அதுக்குள்ள தண்ணி ஓடும், தண்ணியில ஈஸ்ட் செல்லுங்க ஓடும், இங்க சிங்கப்பூர்ல ஃபேர்பிரைஸ் கடையில ரொட்டி சுடுறதுக்கு பாக்கெட்டுல விக்கிறாங்களே அதே ஈஸ்ட்தான். வாய்க்கால் முழுக்க சிதறி, ஒண்ணு மேலயும் ஒண்ணு ஓரத்துலயும் ஒண்ணு நடுவுலயுமா போய்க்கிட்டு இருக்கும். சுவிட்சத் தட்டுறேன். காதுக்கு ஒண்ணும் கேக்காது, கைக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா ரெண்டு ஓரத்துல இருந்தும் செல்லுங்க நடுவுக்கு ஓடி வந்து ஒட்டிக்கிட்டு ஒரே கோடாப் போக ஆரம்பிக்கும். ஆஃப் பண்ணா பின்னாடி வர்றதெல்லாம் மறுபடி சிதறித்தான் வரும். இத நான் "கோடு விழுந்துருச்சு"ன்னு சொல்லிச் சொல்லி, இப்ப எங்க லேப்ல இருக்குற சீனப் பையனும் "கோடு"ன்னுதான் சொல்றான்.

நான் பிஹெச்டி பண்ணவ இல்ல. பாலிடெக்னிக் முடிச்சிட்டு லேப் வேலைக்கு வந்தவ, சிப் செய்யறது, பைப்பு மாட்டுறது, மிஷின் ரிப்பேர் பாக்குறது, புதுசா வர்ற பசங்களுக்குக் கத்துக் கொடுக்குறது இதுதான் என் வேலை. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல "என்னம்மா வேலை பாக்குற"ன்னு யாராவது கேட்டா ரொம்ப நாளா "லேப்ல"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுக்குவேன். போன பொங்கலுக்கு பெரியம்மா விடல, உக்கார வச்சுக் கேட்டாங்க. அப்ப சொன்னத இங்க கொஞ்சம் விரிவா எழுதி வைக்கிறேன்.

பெரியம்மாகிட்ட நான் ஆரம்பிச்சது அப்பாயியோட சுளகுலேருந்து. தோ பாயோ வீட்டுல கொரிடார்ல உக்காந்து அப்பாயி அரிசி புடைக்கிறத நாங்க எல்லாருமே பாத்திருக்கோம், அடுத்த வீட்டு மக்சிக், அந்த மலாய்க்கார அம்மாவும் நின்னு பாக்கும். புடைக்கிறது ஒரு கை அசைவு, கொழிக்கிறது வேற, தெள்ளுறது வேற. ஒவ்வொரு அசைவுக்கும் ஒவ்வொண்ணு தனியாப் பிரிஞ்சு வரும், உமி முன்னாடி பறக்கும், குருணை ஒரு பக்கம் ஒதுங்கும், கல்லு அடியில நிக்கும். அப்பாயி ஒரு கல்லயும் கையால தொட்டுப் பொறுக்காது, சுளகோட ஆட்டமே பாத்துக்கும். நாங்களும் செல்ல கையால தொடுறதில்ல, ஒரு ஊசியோ கொக்கியோ வலையோ கிடையாது, தண்ணிய ஆட்டுறோம், ஆட்டம் செல்லப் பிரிக்குது. பெரியம்மாவுக்கு இது உடனே புரிஞ்சது. "அப்ப சுளகுக்குப் பதிலா என்ன வச்சிருக்கீங்க"ன்னு கேட்டாங்க பாருங்க, அதுதான் சரியான கேள்வி.

சுளகுக்குப் பதிலா சத்தம். மனுஷக் காதுக்கு ஒரு செகண்டுக்கு 20,000 அதிர்வு வரைக்கும்தான் கேக்கும், நாங்க போடுறது ஒரு செகண்டுக்கு சுமார் 20 லட்சம் அதிர்வு, அதாவது 2 மெகாஹெர்ட்ஸ். தண்ணியில சத்தம் செகண்டுக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும், அப்ப 2 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு அலையோட நீளம் 750 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), அதுல பாதி 375 மைக்ரான். வாய்க்கால சரியா அந்த 375 மைக்ரான் அகலத்துக்கு சிலிக்கான்ல வெட்டி வச்சா, இந்தச் சுவருலேருந்து போற அலை அந்தச் சுவருல முட்டித் திரும்ப, திரும்பி வர்றதும் போறதும் ஒண்ணாச் சேந்து நகராம ஒரே இடத்துல நின்னு துடிக்க ஆரம்பிச்சிடும். நிலையலைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சது இதான். ரெண்டு சுவர் ஓரத்துலயும் அழுத்தம் ஏறி ஏறி இறங்கும், நட்ட நடுவுல மட்டும் அழுத்தம் மாறவே மாறாது. தண்ணியவிட கனமா, தண்ணியவிட விறைப்பா இருக்குற பொருள எல்லாம் அந்த அலை கொஞ்சம் கொஞ்சமா நடுவுக்குத் தள்ளிடும். ஈஸ்ட், ரத்தச் சிவப்பணு, பிளாஸ்டிக் பீட்ஸ்னு சொல்ற குட்டிக் குட்டி மணி எல்லாம் நடுவுக்கு வரும். கொழுப்புத் துளி மட்டும் நேர் எதிரா சுவருக்குப் போகும், ஏன்னா அது தண்ணியவிட லேசு, அழுத்துனா சுலபமா நசுங்கவும் செய்யும். இந்த ஒரு விஷயத்த வச்சே சுவீடன்ல லுண்ட் பல்கலைக்கழகத்துல ஒரு நல்ல வேலை பண்ணாங்க. இதய ஆப்பரேஷன் நடக்குறப்ப நெஞ்சுக்குள்ள சேர்ற ரத்தத்துல கொழுப்புத் துளி கலந்து கிடக்கும், அத அப்படியே திருப்பி உடம்புல ஏத்துனா அந்தத் துளி போய் மூளையில சின்னச் சின்ன ரத்தக் குழாய அடைக்கலாம். அந்த ரத்தத்த இந்த மாதிரி வாய்க்கால்ல விட்டு சத்தம் போட்டா சிவப்பணு நடுவுல, கொழுப்பு ஓரத்துல, கடைசியில வாய்க்கால் மூணாப் பிரியும், நடுவுல வர்றத மட்டும் எடுத்துக்கலாம். 2004-லயே கட்டுரை வந்தாச்சு.

இது எவ்வளவு பெரிய விசைன்னு கேட்டா, 10 மைக்ரான் பீட் ஒண்ணுக்கு சில பத்துலேருந்து சில நூறு பிகோநியூட்டன் வரைக்கும் இருக்கும். நமக்கு அது ஒண்ணுமே இல்ல. ஆனா தண்ணிக்குள்ள மிதக்குற அந்த பீட்டோட எடைய கணக்குப் பண்ணா ஒரு பிகோநியூட்டன்ல கால்வாசிதான் வரும், அப்ப அதோட எடையவிட நூறு மடங்கு, சில நேரம் ஆயிரம் மடங்கு கிட்ட ஒரு விசை அத ஒரு பக்கமாத் தள்ளுது. அதான் அரை செகண்டுல கோடு விழுது.

அல்ட்ராசவுண்டுன்னா செல்லு செத்துப் போகாதான்னு நிறைய பேரு கேப்பாங்க. மூக்குக்கண்ணாடிக் கடையில கண்ணாடியப் போட்டுக் கழுவுற தொட்டிய நினைச்சுக் கேக்குறாங்க. அது 40 கிலோஹெர்ட்ஸ் மாதிரி குறைஞ்ச அதிர்வு, அதுல குமிழி உருவாகி உடையும், அந்த உடையற வேகத்துலதான் அழுக்கு போகுது, செல்லப் போட்டா செல்லும் கிழியும். நாங்க போடுறது வயித்துப் புள்ளைய ஸ்கேன் பண்ற அதிர்வு இருக்குற வட்டாரம். குமிழி அவ்வளவு சுலபமா வராது. சூடுதான் கவனிக்கணும், அதுக்குக் கீழ வர்றேன்.

இனி அப்பா. அப்பா செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்தவரு, அதுல கடைசி பதினெட்டு வருஷம் வெல்டிங் செக் பண்ற வேலை. இரும்புத் தகட்டுல ஜெல் தடவி, கையில ஒரு சின்ன புரோப வச்சு மெல்ல நகத்துவாரு, அந்த புரோப் இரும்புக்குள்ள அல்ட்ராசவுண்ட அனுப்பும், உள்ள வெடிப்போ காத்துக் குமிழியோ இருந்தா அதுல பட்டுத் திரும்பி வரும், ஸ்கிரீன்ல ஒரு முள்ளு மாதிரி எழும்பும். நான் சின்னப் புள்ளையா இருக்கப்ப அவரு என்ன வேலை பாக்குறாருன்னு கேட்டா "கப்பலுக்கு டாக்டர்"னு சொல்லுவாரு. நான் இந்த லேப்புல சேந்தப்ப வீட்டுல என் வேலை முழுசாப் புரிஞ்ச ஒரே ஆள் அவருதான். "நான் சத்தத்த அனுப்பி அது திரும்பி வருதான்னு பாப்பேன், நீ சத்தத்த அனுப்பி ஆளத் தள்ளுற"ன்னு சொன்னாரு. இத்தன வருஷத்துல இதவிடச் சுருக்கமா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

2020-ல சிங்கப்பூர்ல டெங்கி எப்படி இருந்துச்சுன்னு இங்க இருக்குறவங்களுக்குத் தெரியும், அந்த ஒரு வருஷத்துல மட்டும் 35,000 பேருக்கு மேல வந்துச்சு. கோவிட் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ஜூலையில அப்பாவுக்கும் வந்து ஆஸ்பத்திரியில சேத்தோம். பாக்கப் போக முடியாது, வீடியோ கால்ல கையத் தூக்கிக் காமிப்பாரு, முழங்கை மடிப்பு ரெண்டும் நீலமாக் கன்னிப் போயிருந்துச்சு. தினமும் ரத்தம் எடுக்கணும், பிளேட்லெட் எவ்வளவு இறங்குதுன்னு பாக்கணும், அவருக்கு நரம்பு கிடைக்கறது கஷ்டம், மிஸ்ஸிங்க, அதான் நர்ஸுங்க, பாவம் ரெண்டு மூணு தடவ குத்த வேண்டி வரும். சாதாரணமா ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல ஒன்றரை லட்சத்துக்குக் குறையாம பிளேட்லெட் இருக்கும், அவருக்கு ஒரு நாள் 41 ஆயிரத்துக்கு வந்துருச்சு. அப்ப நான் லேப்ல என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னா, ஒரு துளி ரத்தத்த வச்சு சிவப்பணுவையும் பிளேட்லெட்டையும் சத்தத்தால பிரிக்கிற சிப்புக்கு அச்சு போட்டுக்கிட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்து வீடியோவுல அவரு கையப் பாத்துட்டு மறுநாள் போய் அந்த அச்சத் தொடுறப்ப அது வேற மாதிரி இருந்துச்சு. அதுக்கு முன்னாடி அது ஒரு புராஜெக்ட். அதுக்கப்புறம் அந்த வாய்க்கால்ல ஓடப் போற ஒரு துளி யாரோட விரல் நுனியிலேருந்து வரும்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு.

அப்பாவுக்கு சரியாப் போச்சு, ஒன்பது நாள்ல வீட்டுக்கு வந்துட்டாரு, இப்ப நல்லா இருக்காரு.

சென்சார் வேலையப் பத்தி வெளிய இருக்குறவங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது, எனக்கும் முதல் ரெண்டு வருஷம் தெரியல. சென்சார் செய்யறவங்க எவ்வளவு நுணுக்கமா வேணா செஞ்சிடுவாங்க, ஒரே ஒரு செல்லு மேல வந்து உக்காந்தாக்கூட கண்டுபுடிக்கிற சென்சார் இருக்கு. பிரச்சனை, அந்த ஒரு செல்லு சென்சார் மேல வந்து உக்காரணுமே. வாய்க்காலோட தரையில சென்சார் இருக்கும், தண்ணி மேல ஓடிப் போயிடும். இவ்வளவு சின்ன வாய்க்கால்ல தண்ணி சுழிக்காது, கலக்காது, பாயப் பாய அடுக்கடுக்காத்தான் போகும், மேல் அடுக்குல இருக்குற செல்லு மேல் அடுக்குலயே போய் வெளிய விழுந்துடும். ஒரு மைக்ரான் அளவு இருக்குற, தானா நீந்தத் தெரியாத ஒரு துகள் சும்மா அலைஞ்சு 100 மைக்ரான் கீழ வரணும்னா கணக்குப்படி ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். வாய்க்கால்ல அது இருக்கப் போறதோ சில செகண்டு. அதாவது சென்சாருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, பாக்க வேண்டியது அது முன்னாடி வந்து நிக்க மாட்டேங்குது. கொண்டு வந்து நிறுத்துறதுதான் எங்க வேலை. பேப்பர்ல தலைப்பு எப்பவும் சென்சாருக்குத்தான் கிடைக்கும், ஆனா என்னைக் கேட்டா பாதி வெற்றி இந்தக் கொண்டு வர்ற வேலையிலதான் இருக்கு, இத நான் எங்க வேணாலும் வாதாடுவேன்.

நடுவுல கோடு விழ வைக்கிறது ஒரு வகை. வாய்க்காலோட உயரத்தயும் கண்ணாடியோட தடிமனயும் கணக்குப் பண்ணி வச்சா, அழுத்தம் மாறாத அந்த இடத்த நடுவுலேருந்து நகத்தி சென்சார் இருக்குற சுவருக்கே கொண்டு வந்துடலாம், அப்ப எல்லாம் நேரா சென்சார் மேல போய் உக்காரும். பிரிட்டன்ல ஒரு குழு பாக்டீரியா ஸ்போர, அதாவது பாக்டீரியாவோட வித்து மாதிரி வடிவத்த, இப்படித் தள்ளி ஆன்டிபாடி பூசின கண்ணாடி மேல ஒட்ட வச்சு, சத்தம் போடாம கிடைச்சதவிட பல மடங்கு புடிச்சுக் காமிச்சாங்க. லுண்டுக்காரங்களே 2009-ல, முழு ரத்தத்துலேருந்து அணுக்கள சத்தத்தால ஒதுக்கி சுத்தமான பிளாஸ்மா எடுத்து அதுல பிஎஸ்ஏ அளந்தாங்க, புரோஸ்டேட் கேன்சருக்குப் பாப்பாங்களே அந்த டெஸ்ட்டு. அட்யூன்னு ஒரு செல் எண்ணுற மிஷின் விலைக்கே வருது, அதுல செல்லுங்கள லேசர் முன்னாடி ஒத்தை வரிசையில கொண்டு வந்து நிறுத்தறது அல்ட்ராசவுண்டுதான். இங்க சாங்கி பக்கம் எஸ்யூடிடி பல்கலைக்கழகத்துலயும் சத்தத்த வச்சு செல் பிரிக்கிற ஆராய்ச்சி பல வருஷமா நடக்குது.

இதெல்லாம் புதுசுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், இல்ல. 1787-லயே கிளாட்னி தகட்டு மேல மணலத் தூவி வில்லால தேச்சு மணல் கோலம் போடறதக் காமிச்சிட்டாரு. 1866-ல ஜெர்மனியில குண்ட்டுன்னு ஒருத்தர் கண்ணாடிக் குழாய்க்குள்ள மெல்லிசு பொடியத் தூவி, குழாய்ல சத்தத்த நிலையலையா நிக்க வச்சா பொடி சரியான இடைவெளியில குவியல் குவியலா ஒதுங்குறதப் பாத்தாரு, ஒரு குவியலுக்கும் அடுத்த குவியலுக்கும் நடுவுல இருக்குறது பாதி அலை. என் வாய்க்கால்ல விழுற கோடு அந்தக் குவியலோட பேரன்னுதான் சொல்லணும். நம்ம ஆளு ஒருத்தரும் இதுல இருக்காரு, அத எங்க லேப் பசங்ககிட்ட நான் மறக்காமச் சொல்லுவேன். திருச்சியில பொறந்த சி.வி. ராமன், நோபல் வாங்குன ஒளி ஆராய்ச்சிக்கு எல்லாம் முன்னாடியே, 1920-ல மிருதங்கத்தப் பத்தி எழுதிட்டாரு. சாதாரணமா ஒரு தோலு அதிர்ந்தா அதோட மேல் ஸ்வரங்க ஒண்ணுக்கொண்ணு இசையாது, மிருதங்க வலந்தலையில, அதாவது வலப் பக்கத் தோலுல, சோறுன்னு சொல்ற அந்தக் கருப்புப் பூச்சு ஒட்டியிருக்குறதாலதான் இசையுது, அதான் அதுல ஸ்ருதி நிக்குதுன்னு காமிச்சாரு. அப்புறம் 1934-ல தோல் மேல மணலத் தூவி எந்த இடம் அதிருது எந்த இடம் சும்மா நிக்குதுன்னு படமும் எடுத்தாரு. அதுக்கு அடுத்து 1935, 36-ல நாகேந்திர நாத்தோட சேந்து திரவத்துக்குள்ள அல்ட்ராசவுண்ட் போறப்ப அதுல பாயற வெளிச்சம் எப்படிச் சிதறுதுன்னு கணக்கு எழுதுனாரு, ராமன்-நாத்னு இன்னைக்கும் அந்தக் கணக்குக்குப் பேரு. கண்ணுக்குத் தெரியாத அலைய வெளிச்சத்த வச்சுப் பாக்குறது. ஒரு மிருதங்கத் தோலுலேருந்து ஆரம்பிச்ச ஆளு அங்க வந்து நின்னாரு. செரங்கூன் ரோட்டுல கோயில்ல மேளம் கேக்குறப்ப எல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சிப் செய்யற கதைக்கு வர்றேன். முதல்ல நான் பண்ண தப்பு, பிடிஎம்எஸ்-ல செஞ்சது. பிடிஎம்எஸ்னா ஒரு வகை சிலிகான் ரப்பர் (மேல சொன்ன கட்டியான சிலிக்கான் வேற), மைக்ரோஃபுளூயிடிக்ஸ் லேப்னா, அதாவது இந்த மாதிரி சின்ன வாய்க்கால் வேலை பாக்குற லேப்னா, எல்லாரும் அதத்தான் ஊத்துவாங்க, மாவு கரைக்கிற மாதிரி ரெண்டு திரவத்தக் கலந்து, வேக்யூம்ல குமிழி எடுத்து, அச்சுல ஊத்தி, ஓவன்ல வச்சு, உரிச்சு எடுத்து, பிளாஸ்மா போட்டு (இது ரத்தத்துல வர்றது இல்ல, மின்சாரம் ஏத்துன வாயு) கண்ணாடியில ஒட்டுனா முடிஞ்சுது, ஒரே நாள்ல சிப் ரெடி. அதுக்கு அடியில பைசோ தகட்ட, அதாவது கரண்ட் விட்டா அதிர்ந்து சத்தம் போடுற தகட்ட, ஒட்டி, ஒரு வாரம் என்னென்னவோ பண்ணியும் கோடு விழவே இல்ல. காரணம் எளிமை, ரப்பர் கிட்டத்தட்ட தண்ணி மாதிரியே சத்தத்த உள்ள வாங்கிக்கும், சுவருல முட்டித் திரும்ப வேண்டிய அலை திரும்பாம ரப்பருக்குள்ள போய் அங்கயே சூடாகிச் செத்துப் போகும். நிக்கறதுக்கு அலையே இல்ல. இந்த வகைக்கு சிலிக்கான், கண்ணாடி மாதிரி கட்டியான சுவர் வேணும். ரப்பர்தான் வேணும்னா வழி வேற, லித்தியம் நையோபேட்னு ஒரு படிகத்து மேல விரல் கோத்த மாதிரி உலோகக் கோடு போட்டு, படிகத்தோட மேற்பரப்புலயே அலைய ஓட விடணும். அந்த மேற்பரப்பு அலைய 1885-லயே ராலேன்னு ஒரு ஆங்கிலேய விஞ்ஞானி கணக்குல சொல்லிட்டாரு, விரல் மாதிரி மின்முனை 1965-ல வந்துச்சு, இன்னைக்கு நம்ம கைத்தொலைபேசிக்குள்ள சிக்னல் வடிகட்டுறதுக்கும் அதே அலைதான். அது 20 மெகாஹெர்ட்ஸ், இன்னும் மேலகூட போகும், நுணுக்கமான வேலைக்கு நல்லது, ஆனா விலை அதிகம், விரல் பட்டா உடையும், நான் மூணு உடைச்சிருக்கேன், மூணுக்கும் தனித்தனியா மனசு கஷ்டப்பட்டேன்.

சிலிக்கான் சிப்புக்கு மாறினப்புறமும் ஒரு தொல்லை. சில சிப்புல கோடு பளிச்சுனு விழும், அதே மாதிரி செஞ்ச அடுத்த சிப்புல மங்கலா, அங்கங்க விட்டு விட்டு விழும். பைசோ தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன், அத சூப்பர் குளூ வச்சு ஒட்டிக்கிட்டு இருந்தோம். வீட்டுல ஒரு நாள் சாப்பிடுறப்ப புலம்புனேன்.

"குளூவுக்குள்ள காத்து நிக்குதா பாத்தியா?"ன்னாரு அப்பா.

"தெரியலப்பா, தகடு மறைச்சுக்குது."

"காத்து ஒரு முடி அளவு இருந்தாலும் சத்தம் தாண்டாதும்மா. நாங்க ஜெல்லு எதுக்குத் தடவுறோம்? கிளிசரின் வச்சுப் பாரு. ஒட்ட வேணாம், வச்சு அமுக்கிக் கிளிப் போடு. சரியில்லன்னா கழட்டித் திரும்ப வைக்கலாம்ல."

இரும்புலேருந்தோ படிகத்துலேருந்தோ காத்துக்குள்ள சத்தம் போகறப்ப கிட்டத்தட்ட மொத்தமும் திரும்பிடும், ஆயிரத்துல ஒரு பங்குகூட தாண்டாது. அப்பா அந்த எண்ணச் சொல்லல, முப்பது வருஷக் கையச் சொன்னாரு. மறுநாள் கிளிசரின் வச்சு கிளிப் போட்டேன். பத்து சிப்புல பத்துலயும் கோடு விழுந்துச்சு.

அடுத்தது ஏர்கோன் கதை, இதுக்கு மூணு வாரம் போச்சு. பகல்ல எல்லாம் ஒழுங்கா இருக்கும், ராத்திரி ஏழு மணிக்கு மேல கோடு கொஞ்சம் கொஞ்சமா தடிச்சு, ஓரம் பிசிறடிச்சு, எட்டு மணிக்கெல்லாம் கலைஞ்சிடும். பம்ப் மாத்துனேன், ஈஸ்ட் புதுசாக் கரைச்சேன், ட்யூப் மாத்துனேன், ஆம்ப்ளிஃபையர சந்தேகப்பட்டேன், ஒண்ணும் பலிக்கல. ஒரு ராத்திரி ரவுண்ட்ஸ் வந்த செக்யூரிட்டி அண்ணன், அவரு மன்னார்குடிக்காரரு, கதவத் திறந்து பாத்துட்டு "ஏம்மா, ஏழு மணிக்குத்தான் ஏர்கோன அடக்கிடறாங்களே, இன்னும் எதுக்கு ஸ்வெட்டரு?"ன்னாரு. நான் அப்படியே எழுந்து நின்னுட்டேன். வேலையில மூழ்கி எனக்கு சூடு தெரியல, ஆனா சிப்புக்குத் தெரிஞ்சிருக்கு. சூடு அளக்குற தெர்மோகப்பிள் வச்சுப் பாத்தா 23 டிகிரி இருந்த இடம் 26-க்கு வந்திருக்கு. தண்ணியில ஒரு டிகிரி ஏறுனா சத்தத்தோட வேகம் செகண்டுக்கு ரெண்டரை மீட்டர், கொஞ்சம் கூட ஏறும். மூணு டிகிரிக்கு எட்டு மீட்டர். 1,500-ல எட்டு மீட்டர் ஒண்ணுமில்லன்னு தோணும், ஆனா 2 மெகாஹெர்ட்ஸ்ல பாத்தா ஸ்ருதி 10 கிலோஹெர்ட்ஸ் நகந்து போச்சு, எங்க சிப்பு ஒத்து அதிர்ற இடமோ சில கிலோஹெர்ட்ஸ் அகலம்தான். நான் பழைய ஸ்ருதியிலயே வாசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன், வாத்தியம் ஸ்ருதி மாறிப் போய் உக்காந்திருக்கு. மிருதங்கக்காரங்க கச்சேரி நடுவுல சின்னக் கல்ல எடுத்து வாரத் தட்டித் தட்டி ஸ்ருதி சேக்குறது எதுக்குன்னு அன்னைக்குத்தான் மனசுக்குள்ள இறங்குச்சு.

இப்ப சிப்புக்கு அடியில கரண்ட் விட்டா குளிரவும் சூடாகவும் செய்யற ஒரு பெல்டியர் தகடு வச்சு சூட்ட ஒரே இடத்துல புடிச்சு வைக்கிறோம், அதோட அதிர்வ உண்டாக்கிக் கொடுக்குற ஃபங்ஷன் ஜெனரேட்டர அந்த அதிர்வ சுத்தி கொஞ்சம் முன்ன பின்ன ஓட விடுறோம். பைசோவும் தானா சூடாகும், அதுக்கும் இதுவே மருந்து. செல்லுக்கு 37 தாண்டாமப் பாத்துக்கணும். ஆஸ்பத்திரிக்கோ பாலிகிளினிக்குக்கோ இத ஒரு பெட்டியா கொண்டு போய் வைக்கணும்னா இந்த ஸ்ருதி சேக்குறத பெட்டியே தானா செய்யணும், மிஸ்ஸி வந்து திருகிக்கிட்டு இருக்க முடியாது. இத முடிக்காம "ஒரு துளி ரத்தத்துல ரிசல்ட்டு"ன்னு விளம்பரமாப் பேசறது எனக்குப் புடிக்காது.

இன்னும் தீராத ஒண்ணு, சின்னதுங்க. சத்தம் தள்ளுற விசை துகளோட கன அளவுக்கு ஏத்த மாதிரி வரும், தண்ணி இழுத்துப் புடிக்கிறது அதோட விட்டத்துக்கு ஏத்த மாதிரி வரும். அதனால 10 மைக்ரான் பீட் போற வேகத்துல நூத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான் பீட் போகும். சிவப்பணு ஓடி வந்து நடுவுல நிக்கறப்ப 2, 3 மைக்ரான் பிளேட்லெட் ஓரத்துலயே தங்கிடறது இதனாலதான், அப்பாவுக்காக நான் நினைச்ச அந்த சிப்புக்கு இது நல்லதாப் போச்சு, பெருச நடுவுல இறக்கிட்டு ஓரத்துல மிச்சமிருக்குறத எண்ணிடலாம். முழு ரத்தத்த அப்படியே விட்டா மட்டும் நெரிசல்ல ஒண்ணையொண்ணு இடிச்சுக்கும், பத்து மடங்கு தண்ணியாக்கித்தான் விடணும். ஆனா பாக்டீரியாவ புடிக்கணும்னா இதே விஷயம் எதிரி. சத்தம் போட்டாலே தண்ணி மெல்ல சுழலவும் ஆரம்பிக்கும், ராலே 1884-ல இந்தச் சுழலுக்குக் கணக்கு எழுதியிருக்காரு, ரெண்டு மைக்ரானுக்குக் கீழ போனா சத்தம் தள்ளுறதவிட இந்தச் சுழல் இழுத்துட்டுப் போறது அதிகமாயிடும், கோடு விழறதுக்குப் பதிலா சுத்திச் சுத்தி வரும். குடிதண்ணியில ஈகோலைங்கற பாக்டீரியா இருக்கான்னு பாக்க இன்னைக்கும் தட்டுல வளத்து ஒரு நாள் கிட்ட காத்திருக்கணும், நம்ம ஊருக்கு தண்ணி எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்ல வேணாம், அத ஒரு மணி நேரத்துல முடிக்கணும்னா இந்தச் சுழல ஜெயிக்கணும். ஒரு நல்ல வழி இருக்கு, முதல்ல 10, 12 மைக்ரான் பீட்ஸ விட்டு சத்தத்துல ஒரு கொத்தா நிறுத்தி வச்சிட்டு அதுக்கப்புறம் பாக்டீரியா இருக்குற தண்ணிய விட்டா, பெரிய பீட்ஸ்ல பட்டுச் சிதறுற சத்தமே சின்னதுங்கள இழுத்து பீட்ஸுக்கு நடுவுல புடிச்சு வச்சுக்கும். லுண்ட்லதான் இதையும் காமிச்சாங்க. நாங்க இப்ப ஆபத்தில்லாத ஒரு பாக்டீரியாவ வச்சு அதச் செஞ்சு பாத்துக்கிட்டு இருக்கோம், பாதி நாள் நிக்குது, பாதி நாள் பம்ப் வேகம் கொஞ்சம் ஏறுனா மொத்தக் கொத்தும் அடிச்சுக்கிட்டுப் போயிடுது.

போன மாசம் லேப்ல குடும்பத்த கூட்டிட்டு வரலாம்னு ஒரு நாள் வச்சாங்க. அப்பாவுக்கு இப்ப 71, முட்டி வலி, கிளமெண்டி எம்ஆர்டியிலேருந்து பஸ் மாறி வரணும், வேணாம்னுடுவாருன்னு நினைச்சேன், ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து கீழ கோப்பி ஓ குடிச்சிட்டு உக்காந்திருந்தாரு. மேல கூட்டிட்டுப் போய் ஸ்டூல்ல உக்கார வச்சு மைக்ராஸ்கோப்ப அவரு கண்ணுக்குச் சரி பண்ணேன். ஈஸ்ட்டு சிதறி ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவரு கையப் புடிச்சு ஆம்ப்ளிஃபையர் சுவிட்சு மேல வச்சேன், அவரே தட்டுனாரு.

ரொம்ப நேரம் தலையத் தூக்கல. ஆஃப் பண்ணாரு, ஆன் பண்ணாரு, மறுபடி ஆஃப் பண்ணாரு. பின்னாடி வரிசையில ரெண்டு சின்னப் பசங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க, நான் தோள்ல லேசாத் தட்டுனேன். மெல்ல நிமிந்தவரு சிப்பத்தான் பாத்தாரு, என்னைப் பாக்கல. கிளிப்பு ரெண்டையும் விரலால தொட்டுப் பாத்தாரு.

"கிளிசரினா?"

"ஆமாப்பா."

"ம்"னுட்டு, அடுத்த பையனுக்கு ஸ்டூல நகத்திக் கொடுத்தாரு.